சுருளியாண்டி வீட்டுச் சுவரும் மூன்று பொட்டும்

எங்கள் சின்னமனூரில் சுவரில் ஓட்டை போட வேண்டுமென்றால் தவசியைத்தான் கூப்பிட வேண்டும். வேறு ஆட்களே இல்லையா என்றால் இருக்கிறார்கள். அவர்கள் போட்ட ஓட்டையில் எலி குடும்பம் நடத்தும். தவசி முன்பு மேகமலைக்கு ஜீப் ஓட்டியவர். அந்த ரோட்டில் குலுங்கிக் குலுங்கி இடுப்பு போனதும் வண்டியை விற்றுவிட்டு ஹேமர் ட்ரில் மிஷின் வாங்கினார்.

"குலுக்கலே வேணாம்னு வந்துட்டு, குலுங்குற மிஷினையே வாங்கியிருக்கியேப்பா" என்று கேட்டேன்.

"அங்கன ஒடம்பு பூராக் குலுங்குச்சுண்ணே. இங்கன கை மட்டுந்தான்" என்றார்.

அவர் மிஷினைத் தயார் செய்வதை நின்று பார்க்கலாம். துளைக்கிற முனையான பிட்டின் அடிப்பாகத்தைத் துடைத்துத் துளி கிரீஸ் தடவுவார். மிஷினின் மூக்கு வளையத்தைப் பின்னால் இழுத்து, பிட்டைச் செருகி, 'டக்' என்று பிடித்ததும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். பக்கவாட்டுக் கைப்பிடியை இறுக்குவார். ஓட்டை எவ்வளவு ஆழம் போகலாம் என்று தடுக்கிற கம்பியைச் சரிபார்த்து முடுக்குவார். பிறகு, "ஒரு நிமிசம்ணே" என்பார். சொன்னபடி ஒரு நிமிடத்தில் ஓட்டை விழுந்துவிடும். ஊரில் அவருக்கு 'ஒரு நிமிசம் தவசி' என்றே பெயர். அந்தப் பெயரால்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

அந்தப் பெயருக்கு ஆயுத பூஜை ரூபத்தில் ஆபத்து வந்தது. தவசியின் மனைவி ராஜாத்திக்குப் பக்தி அதிகம். பூஜையன்று மிஷினைத் துடைத்துக் கழுவாத குறையாகச் சுத்தம் செய்து, கெட்டியாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். மிஷினின் பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. அதைச் சுற்றி மூன்று வட்டப் படங்கள்: ஒன்று சும்மா சுற்றுவதற்கு, ஒன்று சுற்றிக்கொண்டே இடிப்பதற்கு, ஒன்று இடிப்பதற்கு மட்டும். மூன்று வட்டம் தயாராக இருந்தால் எந்தப் பக்தைதான் விடுவார்? மூன்றின் மேலும் படமே மறையும்படி ஒவ்வொரு பொட்டு, நடுவில் குங்குமம். துடைத்த வேகத்தில் திருகு நகர்ந்துபோனதை அவர் கவனிக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். தவசி வீட்டில் சட்டம் என்றால் சட்டம்தான்.

அடுத்த வேலை என் எதிர்வீட்டு வாழைக்காய் வியாபாரி சுருளியாண்டிக்கு. புது வீட்டுக்கு அவர் ஆசையாகப் பெரிய டிவி வாங்கியிருந்தார். அதைச் சுவரில் மாட்டுவதைப் பார்க்க ஆண்டிபட்டியிலிருந்து சம்பந்தி முத்துவீரனை வரவழைத்திருந்தார். காரணம் இருக்கிறது. பால் காய்ச்சிய அன்று அந்த மனிதர் இதே சுவரைத் தட்டிப் பார்த்து, "காலண்டர் மாட்டுனாலே செவுரும் சேந்து வந்துரும் போலயே சம்பந்தி" என்று பந்தியில் வைத்துச் சொல்லியிருந்தார். எனக்கு யாரும் அழைப்பு வைக்கவில்லை. வேடிக்கை பார்க்க எனக்கெதற்கு அழைப்பு?

தவசி "ஒரு நிமிசம்ணே" என்று மிஷினை அழுத்தினார். அது கீச்சென்று கத்தியது. காரையைச் சுரண்டி, உள்ளேயிருந்த சிமெண்டுக் கல்லில் முட்டி அங்கேயே நின்றது. அவர் இன்னும் அழுத்தினார். புகை வந்தது. பிட்டின் நுனி நீலமாகிவிட்டது. இடம் மாற்றி வைத்தார், அங்கும் அதே கதைதான்.

தவசிக்கு வியர்த்துக் கொட்டியது. சுருளியாண்டிக்கோ முகமெல்லாம் பல்.

"பாத்தீகளா சம்பந்தி! மிஷினே எறங்க மாட்டேங்குது! காலண்டருக்கே செவுரு வரும்னு யாரோ சொன்னாக!"

முத்துவீரன் லேசுப்பட்டவரா? "செவுரு கெட்டிதான். அப்ப டிவிய எங்க வைக்கப்போறீக, மடியிலயா?" என்றார்.

எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள். இங்கே ஓட்டை போடாமல் எழுந்து போனால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியப்படுத்த நான் ஒருவன் போதும். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போது, மிஷின் அதிர்ந்ததில் விட்டுப்போயிருந்த சந்தனப் பொட்டு ஒன்று பொத்தென்று என் காலடியில் விழுந்தது. திருகின் முள் 'சும்மா சுற்று' படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தவசி பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவர் வாய் திறக்கப் போனார். பிறகு சுருளியாண்டியின் முகத்தைப் பார்த்தார். கல்யாண வீட்டில்கூட அந்த மனிதர் அப்படிச் சிரித்ததில்லை. தவசி வாயை மூடிக்கொண்டார்.

"இந்த மாதிரிச் செவுத்த நான் பாத்ததே இல்லண்ணே. மிஷினு கொஞ்சம் ஆறட்டும்" என்று சொல்லித் திரும்பி உட்கார்ந்து, புதுப் பிட்டைப் போட்டு, திருகைச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இடிக்கும் படத்துக்கு மாற்றினார். அடுத்து நாலு ஓட்டையும் மளமளவென்று விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்து, முக்கி முனகி, அவர் செய்த நடிப்பு இருக்கிறதே! டிவி ஏறியது. முத்துவீரன் எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். "தப்பாச் சொல்லிட்டேன் சம்பந்தி" என்றார். சுருளியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அப்பேர்ப்பட்ட சுவரையே வென்ற ஆள் என்று முத்துவீரன் தவசியை ஆண்டிபட்டிக்கு அழைத்துப்போனார். தவசி இந்தத் தடவை திருகைச் சரியாக வைத்து ஒரே நிமிடத்தில் வேலையை முடித்தார். பாராட்டு வருமென்று திரும்பினால், முத்துவீரன் முகம் தொங்கிக் கிடந்தது.

"அங்கன அந்தப் பாடு பட்டீரு. எஞ் செவுத்துல மட்டும் வெண்ணெயில விட்ட மாதிரி விட்டுட்டீரே!"

அன்று அவருக்கு ஒரு வாய் காப்பிகூடக் கிடைக்கவில்லை.

அதிலிருந்து தவசி தொழிலைச் சற்று மாற்றிக்கொண்டார். எந்த வீடானாலும் முதலில் சும்மா சுற்றுகிற படம்தான். அழுத்தாமல் சற்று நேரம் கத்தவிட்டு, "யாருண்ணே கட்டுனது? செம கட்டு!" என்பார். வீட்டுக்காரர் கொத்தனார் பெயரைச் சொல்லி, மணல் சலித்த கதையில் ஆரம்பிப்பார். காப்பி வரும். அதன்பிறகுதான் திருகு திரும்பும். 'ஒரு நிமிசம் தவசி' இப்போது கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். வேலை முன்னைவிட இரண்டு மடங்கு வருகிறது.

போன வாரம் என் மாவு மில் சுவரில் ஃபேன் மாட்ட வந்தார். நான் நின்று கட்டிய சுவர். அவர் திருகை எந்தப் படத்தில் வைத்தார் என்பதைப் பக்கத்தில் நின்று என் கண்ணாலேயே பார்த்தேன். மிஷின் கத்தியது, பிட்டு இறங்கவில்லை. "செம கட்டுண்ணே" என்றார் தவசி.

எல்லாம் தெரியும் எனக்கு. இருந்தாலும் என்னையறியாமல் வாசலுக்கு ஓடிப்போய் என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏ உமா, சீக்கிரம் வா! நான் கட்டுன செவுத்துல மிஷினே எறங்க மாட்டேங்குது பாரு!"