உப்புப் பூத்த சுவர்

சுவர் கழுவும் மிஷினைப் போன வாரம்தான் முதன்முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பாளையம்பட்டியிலிருந்து ஒருவர் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், சுவரை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, டாக்டர் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"போர்த் தண்ணியா சார், லாரித் தண்ணியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்துவிட்டது. "லாரித் தண்ணி! போர்ப் பக்கமே போயிராதீக. இந்த மனுசன் சொன்னாலும் கேக்காதீக."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்ல தண்ணீரை வாங்கிச் சுவரில் அடிக்கிற வீட்டை அவர் பார்த்திருக்க மாட்டார். அவரிடம் விளக்கமாகச் சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

மிஷின் ஓடத் தொடங்கி, வெயிலில் காய்ந்த கரிசல் தூசியின் மேல் தண்ணீர் விழுந்ததும் ஒரு வாடை எழுந்தது. எங்கள் ஊரில் வருடத்துக்கு நாலு தடவை மழை பெய்கிறபோது வருகிற வாடை. எனக்கு மட்டும் அதோடு டர்பன்டைனும் சணல் கயிறும் சேர்ந்து மணத்தன. ஏனென்றால் கல்யாணத்துக்கு முன்னால் நான் அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு பெயிண்ட் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ஆணி, கீல், பிரஷ், சுண்ணாம்பு, பினாயில், ஆசிட் எல்லாம் அங்கே உண்டு. எல்லாவற்றையும் விட அதிகமாகக் கிடைத்தது என் யோசனைதான். யாரும் கேட்கத் தேவையில்லை. கால் கிலோ ஆணி வாங்க வந்தவரைக்கூட நிறுத்தி வைத்து, வீட்டுச் சுவரை எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன்.

சுண்ணாம்புச் சுவரில் தண்ணீரே படக்கூடாது, தென்னந்துடைப்பத்தால் தூசி தட்டினால் போதும். சிமெண்ட் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் ஈரத்துணி. கம்பி கேட்டுக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணி. பதித்த ஓட்டுக்குச் சோப்புத் தண்ணீர், கறை போகாவிட்டால்தான் ஆசிட், அதுவும் சொட்டுச் சொட்டாக. இதையெல்லாம் நான் சொல்கிற தோரணையைப் பார்த்தால் பத்து அரண்மனைகளைக் கழுவிவிட்டு வந்தவன் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுச் சுவரை அதுவரை நான் தொட்டதுகூட இல்லை. அதெல்லாம் அம்மாவின் வேலை என்று சவுகரியமாக விட்டுவிட்டேன்.

தொட வேண்டிய நாள் வந்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்திருந்தார்கள். பார்த்த அன்றே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தட்டில் முறுக்கை வைத்துவிட்டுப் போகும்போது, என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாளே, அதற்குமேல் எனக்கு வேறு பெண் கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனி அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர்தான் வீடு பார்ப்பது. உண்மையில் அவர்கள் பார்க்க வருவது தண்ணீரை. மச்சு வீடா, ஓட்டு வீடா என்பதெல்லாம் அப்புறம். தங்கள் பெண் எத்தனை தெரு தாண்டிக் குடம் தூக்க வேண்டியிருக்கும் என்று தெரியாமல் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்கள் எங்கள் தண்ணீரைக் கேள்விப்பட்டுத்தான் திரும்பிப் போயிருந்தன.

எங்கள் போரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மோட்டாரைப் போட்டால் கொட்டும். ஆனால் அத்தனையும் உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தரகர் கெட்டிக்காரர். பெண் வீட்டில் முதல் பாதியை மட்டும் சொல்லி வைத்திருந்தார். அம்மாவும் தன் பங்குக்கு நாலு தெரு தள்ளியிருந்த நகராட்சிக் குழாயிலிருந்து எட்டுக் குடம் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து அடுப்படியில் வரிசையாக அடுக்கிவிட்டாள். காபிக்கும் அதுதான், கை கழுவவும் அதுதான். திட்டத்தில் ஓட்டையே இல்லை, நான் சும்மா இருந்திருந்தால்.

எங்கள் முன்சுவர் ஆகாய நீலச் சிமெண்ட் பெயிண்ட். ரோட்டுத் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. "ஈரத்துணிய வச்சுத் தொடைடா, போதும்," என்றாள் அம்மா. கடையில் நானே தினமும் சொல்கிற யோசனைதான். ஆனால் வீட்டில் அம்மா சொன்னதும் அது எனக்குக் கேவலமாகப் பட்டது. பெயிண்ட் கடைக்காரன் வீட்டில் கந்தல் துணியா? மோட்டாரைப் போட்டு, ஹோஸ் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பீய்ச்சி அடித்தேன். தெருவே நின்று பார்த்தது. சாயங்காலம் சுவர் புதுப்புடவை போல நீலமாக நின்றது. அம்மாகூட இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள்தான் அவர்கள் வருகிற நாள். காலையில் எழுந்து பார்த்தால் சுவரில் அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது. தூசி இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி கழுவினேன். ஈரம் இருக்கிற வரை நீலம், காய்ந்ததும் வெள்ளை. பதறிப்போய் மூன்றாவது தடவையும் அதே போர்த் தண்ணீரை அடித்தேன். இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு என் கண்ணுக்கு அழுக்கு மட்டும்தான் தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. பதினோரு மணிக்கு அவர்கள் வேனில் வந்து இறங்கியபோது சுவர் இன்னும் ஈரமாக, தெருவிலேயே அழகான சுவராக இருந்தது.

பெண்ணின் அத்தைதான் கூட்டத்துக்குத் தலைவி. பெண்ணின் அப்பா உட்பட எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். அத்தை காபியை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார். "காப்பி நல்லாருக்கு," என்றார். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெற்றிலை மடித்தார்கள், ஜாதகம் பேசினார்கள், வருகிற தையில் வைத்துக்கொள்ளலாம் என்பது வரை போய்விட்டது.

ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் வாசலுக்கு வந்தோம். உச்சி வெயில். சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது. செருப்பு மாட்டுவதற்காக அத்தை ஒரு கையைச் சுவரில் ஊன்றினார். கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளை. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை மெதுவாக நாக்கில் வைத்தார்.

"அது சுண்ணாம்பு அத்தாச்சி," என்று தரகர் முந்திக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு சுவரைப் பற்றி என் முன்னால் ஒருவர் தப்பாகச் சொல்கிறார். அதுவும் என் வீட்டுச் சுவரை! ஐந்து வருடக் கடைப் பழக்கம் விடவில்லை.

"சுண்ணாம்பு இல்லீங்க. சுண்ணாம்புன்னா நாக்கு வெந்துரும். இது உப்பு. போர்த் தண்ணி உப்பு."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தரகர் வேன் சக்கரத்தை ஆராயத் தொடங்கினார். பெண்ணின் அப்பா, "அப்ப வாரோம்," என்று வேனில் ஒரு காலை வைத்தார். எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. அந்தச் சிரிப்பு போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

அத்தை நகரவில்லை. "அப்ப நல்ல தண்ணி எங்கன இருக்கு?"

"நாலு தெரு தள்ளி," என்றேன்.

"யாரு தூக்குவா?"

"இதுவரைக்கும் அம்மா."

"எங்க புள்ள குடத்தத் தொடாது. நீங்கதான் எடுத்தாரணும். சம்மதமா?"

"எம்மகன் வேலைக்குப் போறவன்..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"சம்மதம்," என்றேன் நான். அத்தை தன் அண்ணனை, அதாவது பெண்ணின் அப்பாவை, பார்த்துத் தலையாட்டினார். அவர் வேனிலிருந்து காலை எடுத்தார்.

அன்றிலிருந்து காலையில் நாலு குடம், சாயங்காலம் நாலு குடம். சைக்கிள் கேரியரில் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். குழாயடியில் பெண்களுக்கு நடுவே நான் ஒருவன்தான் ஆண். முதலில் கேலி செய்தார்கள், பிறகு வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்தார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் மனைவி குடத்தை எடுப்பாள். "எங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னத்தான் வைவாக," என்று சொல்லிக்கொண்டே எடுப்பாள். அம்மாவும் கொஞ்ச நாளில் சமாதானமாகிவிட்டாள். அவள் குடமும் என் தலையில் விழுந்தது என்பதைக் கவனிக்க அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. வீட்டுக்கே குழாய் வந்த பிறகுதான் சைக்கிளுக்கு விடுதலை கிடைத்தது.

இப்போது எங்கள் மகனுக்கு வரன் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. அதற்குத்தான் அந்த மிஷினும், குழாய்த் தண்ணீர் குடிக்க மட்டுமே காணும் என்பதால் ஒரு லாரி நல்ல தண்ணீரும். பூட்ஸ்காரர் சுவருக்கு அகலமாகவும் தரைக்குக் கூர்மையாகவும் தண்ணீரைப் பிரித்து அடித்தார். கேட்டுக்குத் துணிதான் என்றார். என்னைவிட விஷயம் தெரிந்தவர். நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் போன் வந்தது. எதற்கு வீண் அலைச்சல், வீடியோவிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மகன் போனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். நெட் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டார்கள். கார் நிறுத்த இடமிருக்கிறதா என்று கேட்டார்கள். வெளிச்சுவர் மூன்று விநாடி அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். பெண் வீட்டார் நல்லவர்கள்தான், பிடித்துவிட்டது என்றார்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகு மனைவியைக் காணோம். வாசலில் நின்றிருந்தாள். வெயிலில் சுவர் பளிச்சென்று காய்ந்திருந்தது. உள்ளங்கையை அதில் ஊன்றி எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. அத்தை காலமாகி எத்தனையோ வருடமாகிறது. இருந்தாலும் அத்தையைப் போலவே விரலை நாக்கில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"உப்பே இல்ல," என்றாள். "அன்னைக்கு இப்பிடி இருந்திருந்தா, எங்க அத்த உங்கள ஒண்ணுமே கேட்டிருக்க மாட்டாக. குடத்த நாந்தான் தூக்கியிருப்பேன்."