வைக்கோலைத் தாண்டிப் போன மூன்றாவது அம்பு

போன மாசி மாதம், நெல் அறுவடை முடிந்த கையோடு, கொடிகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வளவில் நடந்தது இது.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். முப்பத்தைந்து வயதில் வில்வித்தை பழகப் போகிறேன் என்றதும் ஊரே சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. கிழமைக்கு ஒரு நாள் பழகினால் போதாது, வீட்டிலேயே வைக்கோலில் ஒரு இலக்குக் கட்டித் தாருங்கள் என்று கணவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் வயலில் கமம் செய்கிறவர்.

"வைக்கல் விசயத்தை என்னட்டை விடும்" என்றார்.

மாட்டுக்கு வைக்கோலைக் கும்பியாகக் குவித்து வைத்துப் பழகிய கை. மழைத்தண்ணீர் வழிந்தோட எப்படி அடுக்குவாரோ அப்படியே, வைக்கோல் தாள்களின் நுனி வெளியே பார்க்க அடுக்கி, கயிற்றால் வரிந்து, வேலியோரம் நிறுத்தினார். இரண்டடி தடிப்பு. நான் கையைப் பொத்திக் குத்திப் பார்த்தேன், அசையவில்லை. பின்னால் வேலி வேறு. அந்தக் கிழமைதான் தென்னோலையில் பின்னிய புதுக் கிடுகு வைத்து அடைத்திருந்தோம், அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை; அடுத்த வீட்டு அக்கா வெள்ளிப் பின்னேரங்களில் கோயிலில்தான் நிற்பா. பிறகென்ன பயம்?

முதல் அம்பு பாதிவரை போய் நின்றது. சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினேன். இரண்டாவது இன்னும் ஆழமாகப் போனது. மூன்றாவதை முழுப்பலத்தோடு இழுத்து விட்டேன். அம்பைக் காணவில்லை.

"உள்ளுக்கை புதைஞ்சிட்டுது போலை" என்று கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் "ஐயோ, முருகா!" என்று ஒரு அலறல்.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அவர்களுடைய படலையைத் தள்ளிக்கொண்டு போனால், உடுப்புக் காயப்போடுகிற கயிற்றடியில் அக்கா நிற்கிறா. மடித்த போர்வை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருக்கிறா. அந்தப் போர்வையில் என் அம்பு குத்தி நிற்கிறது.

"பிள்ளை, இதென்ன?" என்று மட்டும் கேட்டா.

போர்வையை வாங்கி விரித்தோம். நாலு மடிப்பைத் துளைத்து ஐந்தாவதில் நின்றிருந்தது. பின்னாலேயே ஓடி வந்த என் கணவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"மாட்டுக்கு வைக்கிற மாதிரியெல்லே வச்சிட்டன். தாளும் அம்பும் ஒரே பக்கம் பாத்தா வழுக்கிக்கொண்டு போகுந்தானே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அவரை நான் என்ன சொல்ல? நாணை இழுத்தது என் கை. விடையை இரண்டு தரம் சரிபாருங்கள் என்று பிள்ளைகளிடம் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்க்கவில்லை.

நான் விம்மி விம்மி அழுதேன். அக்காதான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்து தந்தா. தந்துவிட்டு, தனக்குத்தானே சொல்வதுபோல மெல்லச் சொன்னா: "சின்னவளுக்குக் காய்ச்சல் எண்டுதான் நான் கோயிலுக்குப் போகேல்லை. இப்ப நித்திரை. முழிச்சிருந்தா என்ரை நெஞ்சிலை அவளைத்தான் வச்சிருப்பன்."

சின்னவள் அவவின் மகள். இரண்டு வயது. நான் தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

இப்போது இலக்கு வயல்வெளியில், பெரிய மண்மேட்டுக்கு முன்னால் இருக்கிறது. வைக்கோலைக் குறுக்காகப் போட்டு, மிதித்து இறுக்கிக் கட்டியிருக்கிறோம். ஒரு அம்பும் தாண்டுவதில்லை. அக்காவும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஆனாலும் எய்வதற்கு முன் மேட்டுக்குப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அப்படிப் போய்ப் பார்க்காத நாளில் நான் வில்லைத் தொடக்கூடாது.