ஜூடோவும் கொழுந்துக் கூடையும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஜூடோ வந்தது அண்ணியின் சீர்வரிசையோடுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போ நகரத்திலிருந்து மணமாகி வந்தவர், பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு முரட்டு வெள்ளைச் சட்டையையும் கறுப்பு பெல்ட்டையும் மடித்து வைத்திருந்தார். பக்கத்து வீட்டுச் சீனப் பெண்களோடு சேர்ந்து கற்றாராம். ஆளைப் பிடித்து இழுத்து, அவன் பாரத்தாலேயே அவனைச் சாய்க்கும் வித்தை என்றார். தொழிலாளர் லயத்துப் பெண்களுக்கு வேறென்ன வேண்டும்? வேலை முடிந்த மாலைகளில், முன்பு குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக் கொட்டகையில் தேயிலைக் கழிவு அடைத்த சாக்குகளைப் பரப்பி விழுந்து விழுந்து எழுந்தோம்.

அப்பாவுக்குத்தான் ஆகவில்லை. ஜூடோ ஜப்பானில் பிறந்தது என்று அண்ணி ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போன பெரியப்பா திரும்பி வரவே இல்லை. மருமகளைக் கடிந்துகொள்ள மனமில்லாமல் அப்பா என்மேல் பாய்ந்தார். பக்கத்து ஊரான பிரிஞ்சாங் பள்ளி மண்டபத்தில் போட்டி வந்தபோது முடிவாகச் சொன்னார்: போய் ஆடு, தோற்றால் கொட்டகையைப் பூட்டிவிட வேண்டும், அதன் பேரையே வீட்டில் எடுக்கக் கூடாது. அண்ணி ஒப்புக்கொண்டார். தோற்றுவிடுவேன் என்றே நான் நினைத்தேன்.

காரணம், எனக்கு ஒரு பழக்கம். எதிராளியை இழுத்து முதுகில் ஏற்றுவது வரை ஒழுங்காகச் செய்வேன். பாரம் ஏறியதும் கால்கள் தானாக நடக்கத் தொடங்கிவிடும். கூடை சுமந்தே வளர்ந்த முதுகு அது. கொழுந்தை எடை போடும் நிறுவைக்குப் போய், குனிந்து, தோள் வழியாகக் கூடையைக் கவிழ்க்கும்வரை எதையும் கீழே விடாது. முதுகில் இருப்பவள் கொழுந்துக் கூடை இல்லை, தூக்கிப் போடு என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

கடைசி ஆட்டத்தில் எனக்கு எதிரே ஈப்போ பெண், என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்தவள். என்னை இழு இழு என்று இழுத்தாள். அவள் தடுமாறிய ஒரு கணத்தில் சட்டைக் கழுத்தைப் பற்றினேன். கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்கள், பிடித்தால் விடாதவை. சட்டென்று திரும்பி முதுகில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு நடந்தேன். மண்டபமே சிரித்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தக் கையைத் தூக்கப் போனார்.

அப்போது கதவோரத்திலிருந்து, வரவே மாட்டேன் என்றிருந்த அப்பாவின் குரல் கேட்டது. அப்பா தோட்டத்து நிறுவையில் எடை போடுகிறவர். அங்கே தினமும் எங்களிடம் சொல்வதையே சொன்னார்.

"நிறுவைக்கு வந்தாச்சு, கூடைய கவுத்து லா."

என் முதுகுக்கு அந்தக் குரல் பழக்கம். முழங்கால் மடிந்தது, தோள் சாய்ந்தது. ஈப்போக்காரி என் தோளுக்கு மேலாக வந்து மல்லாந்து விழுந்தாள். நடுவர் அதே கையை உயர்த்தி எனக்கு வெற்றி என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூட அனுபவித்ததில்லை, என் வீட்டுக்காரர் மன்னிக்கட்டும்.

திரும்பும் லோரியில் அப்பா அண்ணியிடம் சொன்னார்.

"இது ஜப்பான்காரன் வித்தை இல்லம்மா. எங்கண்ணன் கூடை கவுக்கறத நீ பாத்ததில்ல. அப்படியே இதேதான்."

அடுத்த வருடங்களில் ரிங்லெட்டிலிருந்தும் திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் எங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். இந்த வித்தையைக் கண்டுபிடித்தது தன் அண்ணன் என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா வாசலிலேயே சொல்லிவிடுவார். அண்ணி ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.