கதையில் இல்லாத குழந்தை

வியாழக்கிழமை காலை செங்கல்பட்டு பஸ்ஸின் கூரையிலிருந்து பத்திரிகைக் கட்டு விழும். மாமல்லபுரத்தில் மத்தியானத்துக்குள் ஒரு பிரதி மிச்சமிருக்காது. எல்லாம் அந்தத் தொடர்கதைக்காக. ஒரு டைப்பிஸ்ட், அவளைத் தனியே விட்டுவிட்டு மலேயா போன கணவன், ஒரு பொல்லாத மாமியார். கல்பாக்கத்துக்கு எங்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் அணுவைப் பிளக்கப் படித்தவர்கள்கூட, "இந்த வாரமாவது லெட்டர் போட்டானா, சார்?" என்று கேட்டுக்கொள்வார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சவுக்குத் தோப்பு, உப்புக் காற்று, என் பையில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர் படிக்கும் சிற்றிதழ். இத்தனை பேருக்கு இது எப்படிப் பிடிக்கிறது? நிஜமாகவே புரியவில்லை.

அவளுக்கும் பிடித்திருந்தது, என் மனைவிக்கு. ஞாயிறு மத்தியானம் கொல்லைப் படியில் உட்கார்ந்து மீன்கார அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டுவாள். அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது. முன்னறையில் எனக்கு முணுமுணுப்பு மட்டும் வரும். எழுந்துபோய்க் கதவைச் சாத்துவேன்.

எங்களுக்கு ஒரு பையன் பிறந்திருந்தான். ஒன்பது நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான் ஒரு கவிதை எழுதினேன். கடல், ஈர மணல், பின்வாங்கும் அலை. அடக்கமான கவிதை என்று பாராட்டினார்கள். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல கொழந்தை எங்கே?" என்றாள். கவிதை படிக்கத் தெரியாதவள் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நண்பர்கள் வந்திருந்தார்கள். அவளுடைய பத்திரிகையை எடுத்து, டைப்பிஸ்ட் அழும் இடத்தை நாடகக் குரலில் படித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். காப்பி கொண்டுவந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். மறுநாள் காலை டிரங்குப் பெட்டியோடு அச்சரப்பாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்திரிகை மேஜைமேல் கிடந்தது.

மத்தியானம் மீன்கார அம்மா வந்தாள். என் மனைவியைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா நைனா, பாப்பா இல்லியா?"

"ஊருக்குப் போயிருக்கா."

"சண்டையா? மூஞ்சப் பாத்தாலே தெரிது. சரி, நீதான் மூட்ட மூட்டயா பொஸ்தகம் வச்சினுகீறியே, நீ படி."

வேறு வழியில்லாமல் படித்தேன். சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டவள் சட்டென்று நிறுத்தினாள்.

"கொயந்தய வுட்டுட்டியே?"

"எந்தக் குழந்தை?"

"அட, டைப்படிக்கிற பொண்ணோட கொயந்த. போன வாரம் நாலு பல்லு மொளச்சிருந்திச்சு. சொவத்தப் புடிச்சிகினு நிக்குதுன்னு பாப்பா படிச்சிச்சே."

போன வார இதழைப் புரட்டினேன். அதற்கு முந்தையதை. அதற்கும் முந்தையதை. டைப்பிஸ்டுக்குக் குழந்தையே இல்லை. இருந்திருந்தால் எங்கள் பையனுக்கு அப்போது பத்து மாதம்.

"இந்தக் கதையில குழந்தை கிடையாதும்மா," என்றேன், அச்சுப்பிழை திருத்துகிறவனைப் போல.

"நல்லாப் பாரு நைனா. அதுக்குக் காச்சல் வந்தப்ப மாரியாத்தாளுக்குக் கூய் ஊத்தறேன்னு வேண்டிகினேன். ஊத்தியும் புட்டேன்."

எழுத்துத் தெரியாதவளிடம் பக்கத்தை விரித்துக் காட்டினேன். "இல்லைம்மா."

அவள் கத்தியைக் கழுவினாள். கூடையைத் தலையில் ஏற்றினாள். "ஒனக்குப் படிக்கத் தெரில," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு, புது இதழோடு அச்சரப்பாக்கம் கிளம்பினேன். செங்கல்பட்டில் பஸ் மாறியதும் பக்கத்து இருக்கைப் பெண் அதை இரவல் கேட்டாள். உதடு அசையப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி, வெளியே ஏரியைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் இல்லாத எதை அவள் சேர்த்துக்கொண்டாள்? முதல்முறையாக எனக்கு இகழ்ச்சி வரவில்லை. பயமாக இருந்தது.

அச்சரப்பாக்கத்தில் என் மனைவி வாசலுக்கு வந்தாள். இதழைக் கொடுத்தேன். பிரிக்கவில்லை.

"மீன்கார அக்கா வந்தாங்களா?"

"போன ஞாயித்துக்கிழமை வந்தாங்க. நான்தான் படிச்சுக் காட்டினேன்."

"நீங்களா?" முகம் மலர்ந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பார்க்கிறேன். "அவன் எப்படி இருக்கான்னு கேட்டாங்களா?"

உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அந்த வயதில் நம்பினேன்.

"கேட்டாங்க. கதையில அப்படி ஒரு குழந்தை இல்லைன்னு சொல்லிட்டேன்."

கையிலிருந்த இதழை மடித்தாள்.

"அவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா," என்றாள். கேள்வியாக இல்லை. இதழை என் கையிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுடைய அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். அவள் பிறகு வரவே இல்லை.

ஒரு வரி கூட்டிப் படித்திருக்கலாம். சுவரை விட்டுவிட்டு இரண்டடி நடந்தான் என்று. அவ்வளவுதான்.