பெரிய வீட்டுக்காரர் மண்டிக்கு வந்த நாள்

கல்லூரிக்குப் போகும் பேத்தி பாடத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். வழக்கத்தால் வரும் அதிகாரம் என்று ஒன்று உண்டாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எழுத்துத்தான் தெரியாதே தவிர, அந்த அதிகாரத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். தோளில் வெள்ளைத் துண்டு போட்டிருக்கும். தெருவுக்குள் நுழையும்போதே இருமும்.

எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்காரர் இருமினால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எழுந்து நிற்க வேண்டும். யார் போட்ட சட்டமோ. மாமியார் நின்றார், நானும் நின்றேன். எங்கள் குடிசை அவர் நிலத்து ஓரத்தில் இருந்தது. நிற்காமல் இருந்த ஒருத்தியின் கூரையை அந்த வாரமே பிரித்துப் போட்டார்கள்.

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பாய் புளி மண்டி திறந்தார். புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் எடைக்குத் தகுந்த கூலி. நாங்கள் சில பெண்கள் பஸ் ஏறிப் போனோம். ஜன்னலோரத்துக்காக நாங்கள் போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

முதல் நாள் பாய் உள்ளே வந்தார். வழக்கம்போல எல்லோரும் எழுந்தோம். மடியிலிருந்த புளியெல்லாம் மண்ணில்.

“ஏம்மா, எதுக்கு எந்திரிக்கறீங்க?”

“நீங்க வந்தீங்களே பாய்!”

“நான் ஆயிரம் தடவ வருவேன், போவேன். மண்ணு ஒட்டுன புளிய எவன் வாங்குவான்? இனிமே எந்திரிச்சா கூலியில புடிச்சுக்குவேன்.”

உட்காரச் சொல்லி மிரட்டிய மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊரில் மட்டும் பழையபடி நின்றுகொண்டுதான் இருந்தோம்.

ஒரு நாள் வண்டிக்காரன் மாதிரிக்கு ஒரு கூடைப் புளியைக் கொண்டுவந்து எங்கள் மடியில் கொட்டினான். தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாய் விலை சொல்வார். பின்னாலேயே வாசலில் அந்த இருமல். பெரிய வீட்டுக்காரர் தன் தோப்புப் புளியை விற்க வந்திருந்தார்.

எழுந்தால் கூலி போகும். எழாவிட்டால் குடிசை போகும்.

“யக்கா, என்னா பண்றது?” என்றேன் பக்கத்திலிருந்தவளிடம்.

“நீ மொதல்ல எந்திரிக்காம இரு. அப்பறமா நான் யோசிக்கறேன்.”

“ஆங், என் கூரை போனா உங்க வூட்டுல படுக்க வெச்சுக்குவியா?”

கால் கேட்கவில்லை; பாதி எழுந்துவிட்டேன். புளி கொஞ்சம் கீழே விழுந்தது. பெரிய வீட்டுக்காரர் பதறிப்போனார்.

“உக்காரு, உக்காரு! ஏ, அது எம்புளி! மண்ணு பட்டா வெலைய கொறச்சுருவாரு!”

உட்கார்ந்தேன். பாய் விலை சொல்லும்வரை அவர் நின்றார், நாங்கள் உட்கார்ந்திருந்தோம். திரும்பும் பஸ்ஸில் சிரித்த சிரிப்பில் கண்டக்டர், “என்னா ஆத்தா, கல்யாணத்துக்குப் போயிட்டு வரீங்களா?” என்றார்.

அடுத்த வருஷம் புளி காய்க்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மண்டியைப் பூட்டிவிட்டார்கள். பெரிய வீட்டுக்காரராவது நாங்கள் நிற்கிறோமா என்று பார்ப்பார். பூட்டுக்கு எங்களைத் தெரியவே தெரியாது. இனி கூலிக்குப் பழையபடி அவர் காடுதான்.

ஒரு சாயங்காலம் வாசலில் கேழ்வரகு முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். இருமல் வந்தது. கால் துடித்தது. நான் எழவில்லை.

“மடியில கேவுரு இருக்குதுங்க சாமி” என்றேன்.

“யாரு கேவுரு?”

“எங்க வூட்டுதுங்க.”

முறத்தைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“காலையில காட்டுல கல்லக்கா செடி புடுங்க ஆளு வேணும். வந்துரு.”

அவர் தெருமுனை திரும்பும்வரை கேழ்வரகில் கல் பொறுக்குவதுபோல் குனிந்தே இருந்தேன். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தேன்.