எனக்கு பிரேக் பிடித்துக் கொடுத்தவர்

பேய், பிசாசு, காத்து, கருப்பு இதிலெல்லாம் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும், ஆபீஸில் பாதிப் பேர் அப்படிப் பார்த்தாயிற்று. நான் மெக்கானிக்கல் படித்தவள். அப்பா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர், வீட்டில் கரண்ட் போனால்கூட அது ஏன் போனது என்று விளக்கிவிட்டுத்தான் மெழுகுவத்தி ஏற்றுவார். அம்மா மட்டும் பேய் என்ற சொல்லைக் கேட்டாலே பைபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், அதுவும் பயத்தில் இல்லை, சண்டைக்கு. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெனிட்டா ஆகிய நான் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. வேலை நாவலூரில். சம்பாதிக்க ஆரம்பித்து முதன்முதலில் சேர்த்த பணத்தில் நான் வாங்கியது நகை இல்லை, ஸ்கூட்டர் இல்லை, என்னைவிட வயதில் மூத்த ஒரு பத்மினி கார். மோர் நிறம், உருண்டை முகம், என்ஜின் அப்படியே பட்டு. ஓடுவதில் ஒரு குறையும் கிடையாது. நிற்பதில்தான். நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக், முதல் மிதிக்கு யோசிக்கும், இரண்டாவது மிதிக்குச் சம்மதிக்கும், மூன்றாவது மிதிக்குத்தான் நிற்கும். ஒரு நாள் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மார்க்கெட் பக்கம் போனபோது அந்த மூன்றாவது மிதிக்கு நேரமில்லாமல் ஓர் இளநீர் வண்டியைப் போய் மெதுவாக இடித்துவிட்டேன். யாருக்கும் அடி இல்லை, ஆனால் இளநீர் எல்லாம் உருண்டு சாக்கடை வரைக்கும் போய், ரோட்டில் இருந்த எல்லாரும் பொறுக்கிக் கொடுத்து, அப்பா வாயே திறக்காமல் வீடு வந்து சேர்ந்தார். அவர் பேசாமல் இருந்தால் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

தீர்ப்பு வந்தது. கேளம்பாக்கம் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கிற ஒருவர் ரொம்ப நாளாக என் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்ட இல்லை, வாசலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, உள்ளே பூச்செடி வைத்து, வருகிறவர்கள் செல்ஃபி எடுக்க. என் காருக்குள் சாமந்தி!

"அடுத்த ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் டெஸ்ட்," என்றார் அப்பா. "நான் ரோட்டுல கோடு போட்டு நிப்பேன். கர்ச்சீப்பைக் கீழ விட்டதும் நீ பிரேக் அடிக்கணும். கோட்டைத் தாண்டுச்சுன்னா அன்னிக்கே அவர் வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

"ஒரே மிதியிலயாப்பா?"

"ரோட்டுல போற மனுஷன் உனக்கு மூணு மிதி டைம் குடுப்பானா?"

கையில் காசு கிடையாது. முன் சக்கரத்துக்குப் புதிதாக டிஸ்க் பிரேக் போட்டுத் தரும் கடையில் விலை கேட்டேன், கேட்டுவிட்டு நன்றி சொல்லி வந்துவிட்டேன். அப்போதுதான் ரியாஸ் கைகொடுத்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன், ஆறடி, அவன் அத்தாவுக்குப் படப்பையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஆயுள் முடிந்து கழித்துப் போட்ட ஓர் ஆம்னி வேனிலிருந்து முன் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் கழற்றிக்கொண்டு வந்தான். அதை பத்மினியில் உட்கார வைக்க நடுவில் ஓர் இரும்புத் தட்டு வேண்டும். நானே வரைபடம் போட்டு லேத்துக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னாமா இது, வேன் காலைப் புட்ங்கி காருக்கு மாட்டப் போறியா? ஓடுமா?"

"ஓட்றது நல்லா ஓடும்ணா. நிக்கத்தான் இது."

பழைய டிஸ்க்கை லேத்தில் கடைந்து முகம் சரிபார்த்தாயிற்று. பேட், ஓஸ் குழாய், சீல் மூன்றும் மட்டும் புதிது, உயிர் போகிற இடத்தில் நான் கஞ்சத்தனம் பண்ண மாட்டேன். சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் மாட்டி முடித்துவிட்டோம். மீதி ஒரே வேலை, ஏர் எடுப்பது.

கார் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். பிரேக் குழாய்க்குள் ஆயில் மட்டும்தான் இருக்க வேண்டும், காற்றுக் குமிழி இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து, அங்கே இருக்கிற நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். மூடும் முன்பே சீட்டில் இருப்பவர் காலை எடுத்தால் போச்சு, வெளியே போன காற்று அப்படியே உள்ளே வந்துவிடும். தனியாளாகச் செய்யவும் ஏதோ கருவி விற்கிறார்கள், அதன் விலைக்கு நான் பேட் வாங்கிவிட்டேன்.

வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஷெட். நான்கு சக்கரத்தையும் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ரியாஸ் சீட்டில், நான் பின்னால் தரையில். "பிடி" என்பேன், அவன் அழுத்திவிட்டு ஸ்டியரிங்கில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டுவான். "விடு" என்பேன், காலை எடுத்துவிட்டு இரண்டு தட்டு. இதுதான் ஏற்பாடு. ஆனால் அவன் கண் போனில், கிரிக்கெட். நான் மூடும் முன்பே காலை எடுக்கிறான், மறுபடி முதலிலிருந்து.

"டேய் எருமை, உன் கால்ல மூளை இருக்கா இல்லையா?"

"மச்சி, மூளை மேல இருக்கு, அது மேட்ச் பாக்குது."

"நாளைக்கு என் காருக்குள்ள சாமந்தி பூத்தா உன்னைத்தான் உரமா போடுவேன்."

கொஞ்சம் ஓவராகத்தான் திட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. தகரத்தில் மழை எப்படி விழும் என்று தெரியுமில்லையா, பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. நான் பின் இடது சக்கரத்தடியில் படுத்தபடியே "பிடி!" என்று கத்தினேன். 'டொக்.' பாடி வழியாக அந்தத் தட்டு மட்டும் நன்றாகக் கேட்டது. திறந்தேன், குமிழியோடு ஆயில் வந்தது, மூடினேன். "விடு!" 'டொக் டொக்.'

நம்பவே முடியவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. நான் மூடி முடிக்கும் வரை கால் அசையவில்லை. பின் இடது, பின் வலது, அப்புறம் முன் இடது, மூன்று சக்கரமும் மளமளவென்று முடிந்தது. நான் பாட்டுக்குக் கீழே படுத்துக்கொண்டு "திட்டினாத்தான்டா உனக்குக் கால் வேலை செய்யுது" என்று வம்பிழுத்தேன், பதில் இல்லை, கோபித்துக்கொண்டான் என்று நினைத்து, "சரி சாரிடா, பிரியாணி வாங்கித் தரேன்" என்றும் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. பிரியாணிக்கு ரியாஸ் பதில் சொல்லாதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைசியாக முன் வலது சக்கரம், டிரைவர் பக்கம். அதற்கு முன்னால் எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்க நினைத்து, "அப்படியே அழுத்திப் பிடிச்சிக்கோ" என்று கத்தினேன். 'டொக்.' டார்ச் அடித்துக் குழாய் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசிவு இல்லை. சந்தோஷத்தில் எழுந்து, திறந்திருந்த டிரைவர் கதவு வழியாக உள்ளே பார்த்தேன்.

சீட் காலி.

பெடல் கீழே இருந்தது. பக்கத்தில் கிளட்ச் பெடல் அதன் உயரத்தில் நிற்க, பிரேக் பெடல் மட்டும் அதைவிடத் தாழ்ந்து, அசையாமல், ஒரு கால் மிதித்துக்கொண்டிருப்பது போலவே.

ஓடியிருக்கலாம். ஆனால் என் வாய் என்ன பண்ணியது தெரியுமா, பழக்கதோஷத்தில், மெதுவாக, "விடு" என்றது. பெடல் மேலே வந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு தட்டு. பிறகு சீட் ஸ்பிரிங் 'கிரீச்' என்றது, உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தால் வருமே, அந்தச் சத்தம்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது அடுப்படி, அம்மா, அவள் கையில் தோசைக் கரண்டி. நான் உளறி முடிப்பதற்குள் வாசலில் ரியாஸ், தொப்பலாக நனைந்து, கையில் ஒரு பிரேக் ஆயில் பாட்டிலோடு.

"எங்கடா போன?"

"இன்னா மச்சி கேள்வி? மழை ஆரம்பிக்கும்போதே கத்திட்டுத்தானே போனேன், ஆயில் பத்தாது, பாதி பாட்டில்தான் கீது, வாங்கினு வரேன்னு. நடுவுல முட்டி அளவுக்குத் தண்ணி, வண்டி நின்னுபோய் தள்ளினு வரேன். வா, இப்ப ஆரம்பிக்கலாம்."

"மூணு வீல் முடிஞ்சிடுச்சுடா."

"தனியாவா?"

அப்போதுதான் எனக்கு ஆயில் நினைவு வந்தது. ஒவ்வொரு முறை நிப்பிளைத் திறக்கும்போதும் மேலே டப்பாவில் ஆயில் குறையும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கீழே இருந்தேன், ஒரு தடவைகூட ஊற்றவில்லை. இருவரும் பானெட்டைத் திறந்து பார்த்தோம். டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது. எங்களுடைய அரை பாட்டில் ஜன்னல் கட்டையில் வைத்த இடத்தில், அதே அரை பாட்டிலாக.

ரியாஸ் டப்பாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடினான். பிறகு சொன்னான்: "மச்சி, சொந்தக் காசுல ஆயில் ஊத்துற பேய் நமக்கு இன்னொண்ணு கெடைக்காது. எதுவும் கேக்காத, கண்டுக்காத மாதிரி இருந்துடு."

வீரமாகப் பேசினானே தவிர, மீதி ஒரு சக்கரத்துக்கு அந்த சீட்டில் உட்காரச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டான். நானும் மாட்டேன். கடைசியில் அம்மாதான் நைட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். "எந்தப் பேய் வருதுன்னு பாக்கறேன், இந்தக் கட்டையா, இதைத்தானே மிதிக்கணும்?" என்று கிளட்ச்சை மிதித்தாள். அப்புறம் சரியாக மிதித்தாள். வண்டியை விற்றவருக்கு போன் போட்டு, அதில் யாராவது செத்திருக்கிறார்களா என்று நாசூக்காகக் கேட்டேன். "நல்லா கேட்ட போ! கல்யாண ஊர்வலம் போன வண்டிமா அது," என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு, வெயிலடித்து, ரோடு காய்ந்திருந்தது. எங்கள் லேஅவுட்டில் வீடு வராத பக்கம் ஒரு தார் ரோடு ஏரியை நோக்கிச் சரிந்து இறங்கும். அப்பா சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு சாக்பீஸில் கோடு கிழித்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி நின்றார். ரிசார்ட்காரர் வண்டியை ஏற்றிப்போகும் லாரியோடு தயார். ரியாஸ் பின்னாலிருந்து போனில் வீடியோ. நான் நாற்பதில் இறங்கி வந்தேன், கர்ச்சீப் விழுந்தது, மிதித்தேன், ஒரே மிதி.

கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. என்ன அழகாக நின்றது தெரியுமா! கியரை நியூட்ரலில் தள்ளி, கத்திக்கொண்டே இறங்கி ஓடி அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அப்பா காலால் அளந்து பார்த்தார், டயரைப் பார்த்தார், குனிந்து டிஸ்க்கைப் பார்த்தார், முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார், செடியெல்லாம் வாங்கிட்டேன் சார்," என்றார் ரிசார்ட்காரர்.

"தரையில வைங்க சார், அங்கதான் நல்லா வளரும்," என்றார் அப்பா.

பிறகு தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று டிரைவர் கதவைத் திறந்தார். திறந்ததும் வண்டி லேசாக உருள ஆரம்பிக்க, அவர் தத்தித் தாவி உள்ளே விழுந்து பிரேக்கை மிதித்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சாயங்காலம், வாக்குக் கொடுத்த பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த வீடியோவைப் போட்டோம். பாதியில் ரியாஸ் மெல்லுவதை நிறுத்தினான். "மச்சி, ஹேண்ட்பிரேக் கேபிள் இன்னும் மாட்டலையே நாம."

மாட்டவில்லை. சரிவான ரோடு, நியூட்ரல், நான் இறங்கிவிட்டேன், அப்பாவும் நானும் வண்டிக்கு நேர் முன்னால் நின்று கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்கிறோம். வண்டி எங்கள் மேல் ஏறி ஏரிக்குப் போயிருக்க வேண்டும். வீடியோவில் அது இம்மிகூட நகரவில்லை. பின்னால் இரண்டு பிரேக் விளக்கும் சிவப்பாக எரிகின்றன. அந்தக் காரில் பிரேக் விளக்கு பெடலில் இணைத்தது இல்லை, குழாய்க்குள் ஆயில் அழுத்தம் ஏறினால்தான் எரியும். நான் கோட்டருகில் குதிக்கும் நேரம் முழுக்க எரிகிறது. அப்பா கதவின் கைப்பிடியில் கை வைக்கிறார், விளக்கு அணைகிறது. சீட்டை விட்டுக்கொடுத்தது போல.

அப்பாவிடம் காட்டினேன். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "ஸ்விட்ச் ஒட்டிக்கிச்சு," என்றார். "சரிப்பா, வண்டி ஏன் உருளல?" என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தார். நானறிந்து அவர் காரணம் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஹேண்ட்பிரேக் மறுநாளே மாட்டிவிட்டோம், புது ஸ்விட்ச்சும் போட்டாயிற்று. இப்போது தினமும் அந்தக் காரில்தான் நாவலூர் போகிறேன். போன வாரம் ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்திப் பூட்டிவிட்டு, சாவியைச் சுழற்றிக்கொண்டே லிஃப்ட் வரைக்கும் வந்துவிட்டேன், பின்னாலிருந்து செக்யூரிட்டி அண்ணா கூப்பிட்டார்.

"மேடம், உங்க டிரைவர் இன்னும் எறங்கல போல. உள்ளயே பிரேக்கைப் புடிச்சிகினு கீறாரு பாருங்க, லைட்டு எரியுது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "அவரு மெதுவா வருவாருண்ணா," என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டேன்.