மருதாணியும் என் டப்பாவும்

கலர் டிவிக்கென்று வீட்டில் எடுத்துவைத்திருந்த பணத்தில் நான் வாங்கி வந்தது பல்ஸ் ஆக்சிமீட்டர். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை என்பதால் அது டப்பா ஆகிவிட்டது. “படம் எப்ப போடும்?” என்று என் கணவர் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றுதான் பெயர். நான் மயக்க மருந்து டாக்டர். காலையில் அடையாறில் ஒரு நர்சிங் ஹோம், மதியம் தி.நகரில் ஒன்று, நடுவில் மயிலாப்பூர் என்று ஆட்டோவில் ஓடுவேன், மடியில் டப்பா இருக்கும். நான் போய்வந்த நர்சிங் ஹோம்கள் எதிலும் அப்போது அது கிடையாது. நோயாளியின் விரலில் கிளிப்பை மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணாகக் காட்டும். நாடி துடிக்கும்போதெல்லாம் ‘பீப்’ என்னும். ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியும் கட்டையாகிக்கொண்டே போகும். அதற்கு முன்னால் எங்களுக்கு இருந்ததெல்லாம் கண்ணும் கையும்தான். நகம் நீலமாகிறதா, உதடு கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்போம். நீலம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் ஆபத்து உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

மயிலாப்பூர் சர்ஜனுக்கு டப்பாவைக் கண்டாலே இளக்காரம். கை வேகத்துக்குப் பேர்போனவர். டிசம்பர் வந்தால் சபா சபாவாக அலைவார். கத்தியைப் பிடித்திருக்கும்போதும் ஏதாவது ஒரு ராகத்தை முனகிக்கொண்டிருப்பார். “இத்தனை வருஷமா நகத்தப் பாத்துண்டுதான் ஆபரேஷன் பண்ணிண்டிருக்கேன். எனக்கு எதுக்கும்மா இந்தக் கிலுகிலுப்பை?” என்பார். என்றைக்காவது அவர் வாயை அடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. இதை மறைப்பானேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூருக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். அப்பா மேற்கு மாம்பலத்தில் தையல் கடை வைத்திருந்தார். வீட்டில் உருது பேசுகிறவர்கள். முந்தின நாள்தான் அக்காவுக்கு நிக்காஹ். வலியைச் சொன்னால் கல்யாணக் களை கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். குடல்வால் வெடித்துவிட்டது.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தூங்க வெக்கறது நீங்கதானே டாக்டரம்மா? நீங்களே எழுப்பிக் குடுத்துருங்க.”

“எழுப்பித் தரேன்மா” என்று சொல்லிவிட்டேன். மயக்க மருந்து டாக்டர் அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது?

மயக்கம் கொடுக்கும் முன் பெண்ணின் விரலில் கிளிப்பை மாட்டினேன். எண்ணே வரவில்லை, வெறும் கோடு. அடுத்த விரலில் மாட்டினேன், அதிலும் கோடு. அப்புறம்தான் கையைச் சரியாகப் பார்த்தேன். பத்து விரலிலும் நுனிவரை மருதாணி. சாயம் கலந்த மருதாணி போலிருக்கிறது, நகமெல்லாம் கன்னங்கரேல் என்றிருந்தது. கிளிப்பின் வெளிச்சம் அதைத் தாண்டிப் போகவில்லை. கால் விரல்களையும் விட்டுவைக்கவில்லை.

“பொட்டிக்குக் கரென்ட்டு வந்துகினு கீதா டாக்டரம்மா?” என்று ஆயா கவலையாகக் கேட்டாள்.

சர்ஜனுக்குக் கொண்டாட்டம். “டப்பா நாமம் போட்டுடுத்து, பாத்தியா!”

அந்த வலியிலும் அவள் என்னைப் பார்த்து, “சாரி டாக்டர், அக்கா கல்யாணத்துக்குப் போட்டது” என்றாள். காதில் மாட்டும் கிளிப் ஒன்றும் டப்பாவோடு வந்திருந்தது. அவள் ஜிமிக்கியைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். தொண்ணூற்றொன்பது என்று காட்டியது. அதன் பிறகுதான் அவளைத் தூங்கவைத்து, மூச்சுக்குழாயைத் தொண்டைக்குள் இறக்கினேன்.

பாதி ஆபரேஷனில் சர்ஜன் மேசையைத் தலைப்பக்கம் தாழும்படி சாய்க்கச் சொன்னார். சாய்த்தோம். சற்று நேரத்தில் ‘பீப்’ கட்டையாயிற்று. தொண்ணூற்று நாலு. தொண்ணூறு.

“நிறுத்துங்க சார், ஆக்சிஜன் இறங்குது.”

“மருதாணிம்மா” என்றார், தலையைத் தூக்காமலே.

“காதுல ஏது சார் மருதாணி?”

“ரத்தம் நன்னா செவப்பாத்தானே இருக்கு? நகத்தப் பாரேன்.”

“எந்த நகத்தப் பாக்கறது? எல்லாம் கறுப்பு!” என்று கத்தினேன். “சுருதி இறங்குது சார். உங்க காதுக்குமா கேக்கல?”

அவர் கை அப்படியே நின்றது. அப்போதுதான் அவர் கேட்டார் என்று நினைக்கிறேன். ‘பீப்’ இன்னொரு படி கீழே போயிருந்தது. எண்பத்தாறு. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வலது பக்கம் மூச்சு கேட்டது, இடது பக்கம் சத்தமே இல்லை. மேசையைச் சாய்த்ததில் குழாய் கொஞ்சம் உள்ளே நழுவி, ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தது. குழாயை மெதுவாக மேலே இழுத்தேன். இடது பக்கமும் மூச்சு வந்தது. ‘பீப்’ படிப்படியாக ஏறி, பழைய இடத்தில் போய் நின்றது. சர்ஜன் மறுபடி குனிந்து வேலையைத் தொடர்ந்தார். முனகல் மட்டும் இல்லை.

சொன்னபடியே எழுப்பிக் கொடுத்தேன். வெளியே வந்து அந்த அம்மாவிடம் “எழுந்துட்டா” என்று சொன்னபோது எனக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. அடுத்த வாரம் கையுறையை மாட்டிக்கொண்டே சர்ஜன் கேட்டார், “டப்பா வந்துடுத்தோல்லியோ?” அன்று முதல் ‘பீப்’ கேட்காமல் அவர் கத்தியைத் தொட்டதில்லை. நானும் விடுவேனா, “கிலுகிலுப்பை ரெடி சார்” என்பேன்.

சில வருடம் கழித்து அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. ஜரிகை முக்காட்டோடு உட்கார்ந்திருந்தவள், என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். முழங்கை வரைக்கும் மருதாணி. வலது ஆள்காட்டி விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை வெறுமையாக இருந்தது.

“எவ்ளோ சொன்னேன் டாக்டரம்மா, கேக்கமாட்டேன்னுட்டா” என்றார் அவள் அம்மா.

“இது உங்க டப்பாவுக்கு டாக்டர்” என்றாள் அவள்.

டப்பா அன்று என்னிடம் இல்லை. அந்த விரலைக் கிளிப் மாதிரி என் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். நகம் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது.

“எவ்ளோ டாக்டர்?” என்று கேட்டாள்.

“நூறு” என்றேன்.